மாசிக் கடைசியில் மழை அறிவிப்பை எப்படிப் படிப்பது?

கேள்வி (தோவாளை):
கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) அறுவடை நெருங்கிவிட்டது. கன்னியாகுமரி மாவட்டத்தில் இடியுடன் மழை என்ற அறிவிப்பை நம்பி அறுவடை இயந்திரத்தைத் தள்ளிவைத்தால் அன்று வெயில் கொளுத்துகிறது; அறிவிப்பைப் பொருட்படுத்தாமல் அறுத்தால் களத்தில் காயும் நெல் நனைந்துவிடுகிறது. எதைப் பார்த்து முடிவெடுப்பது?

பதில் 1 (குலசேகரம்):
அறிவிப்பில் ‘ஓரிரு இடங்களில்’ என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வானிலைத் துறையின் கணக்கில், மழை பதிவாகும் நிலையங்கள் 25 விழுக்காட்டுக்கு மிகாது என்பதே அதன் பொருள். ‘ஒரு சில இடங்களில்’ என்றால் 26 முதல் 50 விழுக்காடு. இந்தப் பருவத்தில் காலை வெயிலில் தரை சூடேறிய பின், ஈரத்தைச் சுமந்துவரும் கடற்காற்று மலைச்சரிவில் மேலெழும்பி, பிற்பகலில் பேச்சிப்பாறை, திற்பரப்புப் பக்கம் இடிமேகமாகத் திரள்கிறது. அங்கே கொட்டித் தீர்க்கும் அதே வேளையில் நாகர்கோவிலில் ஒரு துளிகூட விழாமல் போகலாம். அதனால் அறிவிப்பு பொய்த்தது என்று சொல்ல முடியாது.

பதில் 2 (தக்கலை):
மேலே சொன்னது சரியே. ஆனால் குமரிக்கடல் பகுதியில் கீழடுக்கு சுழற்சி (வளிமண்டலத்தின் கீழ்ப்பகுதியில் காற்று சுழல்வது) நிலவுவதாக அறிவிப்பில் இருந்தால் பிற்பகல் கணக்கு செல்லாது. இரவிலும் அதிகாலையிலும்கூடப் பெய்யும் என்பதால் அறுவடையைத் தள்ளிவைப்பதே நல்லது. மற்ற நாள்களில் காலையிலேயே அறுத்துவிட்டு, நண்பகல் முதல் திருவனந்தபுரம் ரேடார் படங்களை அடுத்தடுத்து ஒப்பிட்டு, மேகம் நகரும் திசையைக் கவனியுங்கள். தார்ப்பாய் களத்திலேயே இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. நாளைய அறிவிப்பில் சுழற்சி பற்றிய குறிப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே இயந்திரக்காரரிடம் பேசுகிறேன்.