குடிக்கிற அண்ணனை வேன்ல தூக்கிட்டுப் போய் சேக்கலாமா?

தேனிப்பொண்ணு:
அண்ணனுக்கு 38 வயசு, ரெண்டு பிள்ளைங்க. காலைல எந்திரிச்சதும் கை நடுங்குது, ஒரு கட்டிங் உள்ள போனாதான் நிக்குது. குடியை நிறுத்த வைக்கிற ஒரு சென்டர்ல விசாரிச்சோம், நாங்களே ராத்திரி வேன்ல வந்து தூக்கிட்டுப் போயிருவோம், மூணு மாசம் போன்கூட பேச விடமாட்டோம்ங்கறாங்க. அம்மா சரிங்கறாங்க, அண்ணி வேணாம்னு அழுவுறாங்க. என்ன பண்றது?

கரிசல்காட்டான்:
சேத்துருங்க தங்கச்சி. கெஞ்சியாச்சு, கயிறு கட்டியாச்சு, பிள்ளை தலைல அடிச்சு சத்தியம் வாங்கியாச்சுன்னு எல்லா வீட்டுலயும் இதே கதைதான், ஒரு வாரம் தாங்காது. போதைல இருக்கவன்கிட்ட உக்காந்து கவுன்சிலிங் பேசி என்னத்தக் கேக்கப் போறான், முதல்ல பாட்டில்கிட்ட இருந்து பிரிக்கணும், அப்புறம்தான் புத்தி வரும்.

நிலாமுற்றம்:
டீஅடிக்ஷன் வார்டுல கவுன்சிலரா இருக்கேன், அந்த வேன்காரங்களை நம்பாதீங்க. காலை நடுக்கம்னா உடம்பு சாராயத்துக்குப் பழகிருச்சுன்னு அர்த்தம். திடீர்னு நிறுத்தினா முதல் ரெண்டு நாளுக்குள்ள பிட்ஸ் வரலாம், அதுக்கப்புறம் ஆளே தெரியாம பிதற்றுற நிலைக்கும் போகலாம், உயிருக்கே ஆபத்து. கார்த்திகைல மாலை போட்டு ஒரே நாள்ல நிறுத்திட்டு வலிப்போட வர்றவங்களை நாங்க பாக்குறோம். டாக்டர் இல்லாத ரூம்ல பூட்டி வச்சா யார் பொறுப்பு? அதோட 2017 மனநல சட்டப்படி விருப்பமில்லாதவரை சேக்கணும்னா சைக்யாட்ரிஸ்ட் ஒருத்தரும் இன்னொரு மருத்துவரோ மனநல நிபுணரோ தனித்தனியா பாத்து சொல்லணும், தனக்கோ அடுத்தவங்களுக்கோ ஆபத்துங்கற மாதிரி காரணம் இருக்கணும், அதுவும் முதல்ல 30 நாள் வரைக்கும்தான்.

கரிசல்காட்டான்:
சட்டமெல்லாம் சரிங்க மேடம். அவன் நானா வர்றேன்னு சொல்ற வரைக்கும் அந்த அண்ணி என்ன பண்ணும், வாசல்ல உக்காந்து காத்திருக்கணுமா? மாசக் கடைசில பால்காரனுக்கு யார் பதில் சொல்றது?

நிலாமுற்றம்:
காத்திருக்க வேணாம்ணே, அண்ணியும் அம்மாவும் இந்த வாரமே கவுன்சிலிங் வரலாம், குடிக்கிறவர் வரலைன்னாலும் வரலாம். கிராஃப்ட்னு ஒரு முறை இருக்கு, ராபர்ட் மேயர்ஸ்ங்கற அமெரிக்க உளவியலாளர் உருவாக்கினது. அதுல வீட்டுக்காரங்களுக்குச் சொல்லித் தர்றது இதுதான்: குடிக்காம வந்த அன்னைக்கு கூட உக்காந்து சாப்பிடு, குடிச்சுட்டு வந்தா பேச்சுக் குடுக்காம விலகிரு, அவருக்குப் பதிலா ஆபீஸுக்கு ஜுரம்னு போன் போடாத, கடனை நீ அடைக்காத, அவரே வெறுத்துப் போயி நிக்கிற நேரம் பாத்து சிகிச்சைப் பேச்சை எடு. 1999ல வெளியான அமெரிக்க ஆய்வுல இப்படிப் பயிற்சி எடுத்த குடும்பங்கள்ல 64 சதவீதம் பேர் குடிக்கிறவரை சிகிச்சைக்கு வர வச்சாங்க, குடும்பமா கூடி நேருக்கு நேர் எச்சரிக்கிற முறைல 30தான்.

பரமு_கோவை:
நானும் ஒரு குடிகாரர் பொண்டாட்டிதான், ரெண்டு பேர் சொல்றதும் எனக்கு ஒப்பல. அவரு ஏத்துவாரு, நேரம் பாத்துப் பேசுறதும் மனசு நோகாம நடந்துக்கறதும் திரும்ப என் தலைலயா? பத்து வருஷமா அதைத்தானே செஞ்சேன். அல்-அனான் கூட்டத்துக்குப் போன பிறகுதான் மூச்சு விட்டேன், 1951ல குடிகாரங்க வீட்டுக்காரங்களுக்குன்னே ஆரம்பிச்சது அது. குடிக்கு நான் காரணமில்ல, என்னால கட்டுப்படுத்த முடியாது, குணப்படுத்தவும் முடியாதுங்கறதை அங்கதான் கேட்டேன். அந்த அண்ணி முதல்ல தன்னைப் பாத்துக்கட்டும், அவர் வந்தா வரட்டும்.

நிலாமுற்றம்:
உங்க கோபம் நியாயம்க்கா. அடி உதை இருக்க வீட்டுல பொறுமையா பேசுன்னு நான் சொல்லவே மாட்டேன், கிராஃப்ட்லயும் பாதுகாப்புதான் முதல் பாடம், பெண்கள் உதவி எண் 181க்கு போன் போட்டுட்டு பிள்ளைங்களோட வெளிய வந்துரணும். ஆனா அதே ஆய்வுல அல்-அனான் வழில போன குடும்பங்கள்ல 13 சதவீதம் பேர்தான் ஆளை சிகிச்சைக்கு வர வச்சாங்க, அதோட வேலை வீட்டுக்காரங்க நிமிர்ந்து நிக்கறதுக்குத்தான். அண்ணனும் வரணும்னு ஆசைப்படுற வீட்டுக்கு அது மட்டும் போதாதுங்கறேன்.

தேனிப்பொண்ணு:
அண்ணன் அடிக்க மாட்டாரு அக்கா. ஆனா அம்மா விளம்பரம் பாத்து ஒரு பவுடர் வாங்கியிருக்காங்க, தெரியாம சாம்பார்ல கலந்தா குடி வெறுத்துருமாம்.

கரிசல்காட்டான்:
ஐயோ அதை மட்டும் பண்ணிராதீங்க. எனக்குத் தெரிஞ்ச வீட்டுல அப்படிக் குடுத்துதான் ஆளை ஐசியூல போட்டாங்க.

நிலாமுற்றம்:
இதுல கரிசல் அண்ணன் சொல்றதுதான் சரி. இந்த மாதிரி பவுடர்ல என்ன கலந்திருக்குன்னே தெரியாது. டைசல்ஃபிராம்ங்கற குடி நிறுத்துற மருந்து இருந்துச்சுன்னா, அது சாராயம் உடம்புல உடையிறதைப் பாதில நிறுத்திரும், அசிட்டால்டிஹைடுங்கற நச்சு சேந்து முகம் சிவந்து வாந்தி எடுத்து பிரஷர் இறங்கிரும். விஷயம் தெரிஞ்சு சம்மதிச்சவருக்கு, டாக்டர் பாத்துக் குடுக்கிற மருந்து அது. பவுடரை இன்னைக்கே கொட்டிட்டு, பக்கத்து மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு அண்ணியும் நீங்களும் முதல்ல போங்க. அதுக்கு முன்னாடி பேசணும்னா 14446, போதைக்குன்னே இருக்க இலவச நம்பர்.

கரிசல்காட்டான்:
போகட்டும், நல்லது. ஆனா ஆறு மாசம் ஓடியும் அவன் அசையலைன்னா?

நிலாமுற்றம்:
அதுக்குள்ள ஆளுக்கு ஆபத்துன்னு டாக்டர் எழுதினா சட்டப்படி சேப்போம்ணே, வேன் வேணாம்.

பரமு_கோவை:
தேனி தங்கச்சி, அண்ணிகிட்ட என்னை மெசேஜ்ல பேசச் சொல்லும்மா.