ஏரோபிக்ஸ் வகுப்பு கலோரிக் கணக்கு: கோடைக்கு என்ன செய்கிறீர்கள்?

வணக்கம். சத்துவாச்சாரியில் மாலை ஏரோபிக்ஸ் பேட்ச் எடுக்கிறோம். வாட்ச் காட்டும் கலோரி ஆளுக்கு ஆள் தாறுமாறாக இருப்பதால் மெட் கணக்குதான் போடுகிறோம் (மெட் என்பது சும்மா உட்கார்ந்திருப்பதைப் போல எத்தனை மடங்கு சக்தி செலவாகிறது என்ற அளவு): கலோரி = மெட் × கிலோவில் எடை × மணி நேரம்.

45 நிமிட வகுப்பு, 60 கிலோ எடை என்றால், குதித்து ஆடும் 25 நிமிடத்துக்கு 7.3 மெட், 183 கலோரி. வார்ம்-அப் 10 நிமிடம், 5 மெட், 50. ஸ்ட்ரெச்சிங் 10 நிமிடம், 2.3 மெட், 23. ஆக 256. முழு நேரத்துக்கும் 7.3 போட்டால் 329 வந்துவிடும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். சும்மா உட்கார்ந்திருந்தாலே செலவாகும் 45-ஐக் கழித்தால் 210 பக்கம்தான் மிச்சம். (ஒரு பரோட்டா, கணக்கு முடிந்தது!)

சிக்கல் வெயில். மே மாதம் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டும்போது, உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கு ரத்தம் அதிகம் போவதால் அதே ஸ்டெப்புக்கே இதயத் துடிப்பு ஏறுகிறது. வாட்ச் அதையும் உழைப்பாக எண்ணிவிடுகிறது. வியர்வையில் வாட்ச் பட்டை வழுக்கினால் இன்னும் மோசம். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே இறுக்கிக் கட்டினால் கொஞ்சம் தேவலை.

மார்புப் பட்டையும் (நெஞ்சில் கட்டி இதயத் துடிப்பை அளக்கும் கருவி) வாட்ச்சும் ஒரே வகுப்பில் சேர்த்துப் போட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? கோடையில் எத்தனை துடிப்பு வித்தியாசம்? ஏசி ஹாலா, வெறும் ஃபேனா என்பதையும் எழுதுங்கள். தண்ணீர் குடிக்க நிற்கும் நிமிடங்களைக் கழிக்கிறீர்களா, விட்டுவிடுகிறீர்களா? காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் யாரிடமாவது மார்புப் பட்டை இருந்தால் ஒரு வாரம் இரவல் தர முடியுமா?