லோனார் ஏரிப் படிவில் பருவமழையின் தடம்

மகாராட்டிரத்தின் புல்தானா மாவட்டத்தில், விண்கல் மோதி எரிமலைப் பாறையில் உண்டான பள்ளத்தில் அமைந்துள்ளது லோனார் ஏரி. ஓடைகளும் ஊற்றுகளும் அதில் வந்து சேர்கின்றன. நீர் வெளியேற வழி எதுவும் இல்லை. ஆகவே தென்மேற்குப் பருவமழை பொய்க்கும்போது நீர் ஆவியாகி வற்றுகிறது, உப்பும் காரமும் ஏறுகின்றன, அந்த மாற்றம் அடிச்சேற்றில் பதிந்துவிடுகிறது.

ஆய்வு மாணவனாக இருந்தபோது அந்தப் படிவைக் கையாளும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஏரியடியில் இறக்கிச் சேற்றை எடுத்த குழாயை நீளவாக்கில் பிளந்ததும் அழுகிய முட்டை நாற்றம் அறையெங்கும் பரவியது. பெரும்பகுதி வழவழப்பான கருஞ்சேறு. ஓரிடத்தில் மட்டும் கத்தி நறநறவென்று உரசியது. அங்கே கண்ணாடித் துணுக்குகளைப் போலக் கெய்லுசைட் படிகங்கள் இருந்தன. சோடியமும் கால்சியமும் சேர்ந்த இந்தக் கார்பனேட், ஏரி மிகவும் சுருங்கி உப்பேறிய காலங்களில் உருவாகிறது. உலர்ந்த காற்று பட்டால் தன்னுள் இருக்கும் நீரை இழந்து வெளுத்துவிடும் என்பதால், உடனுக்குடன் படமெடுத்துப் பதிவு செய்தோம்.

வயதைக் கணிப்பதுதான் மிகுந்த பொறுமையைக் கேட்ட வேலை. ஏரி நீரில் பழைய கார்பன் கரைந்திருந்தால், அந்நீரிலேயே வளர்ந்த பாசியைக் கதிரியக்கக் கார்பன் முறையில் அளக்கும்போது உண்மையைவிடக் கூடுதலான வயது கிடைக்கக்கூடும். ஆகையால் கரையிலிருந்து அடித்துவரப்பட்ட இலைத்துணுக்குகளையும் மரச்சில்லுகளையும் சல்லடையில் அலசித் தேடினோம்.

லோனாரின் ஏறத்தாழ 10 மீட்டர் நீளப் படிவை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு, 4,600 முதல் 3,900 ஆண்டுகளுக்கு முன்பும், 2,000 முதல் 600 ஆண்டுகளுக்கு முன்பும் நீண்ட வறட்சிகள் நிலவியதாகக் காட்டியது. அதே ஆண்டில், அரியானாவின் கோட்லா தாகர் ஏரிப் படிவிலிருந்து எடுத்த நத்தை ஓடுகளின் ஆக்சிஜன் ஐசோடோப்புகள் (எடையில் வேறுபடும் ஆக்சிஜன் அணு வகைகள்), ஏறத்தாழ 4,100 ஆண்டுகளுக்கு முன் பருவமழை சட்டென்று வலுவிழந்ததைத் தெரிவித்தன. வெவ்வேறு ஏரிகளில், வெவ்வேறு முறைகளில் கிடைத்த சான்றுகள் ஒத்துப்போவதால் முதல் வறட்சியை நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் சிந்துவெளி நகரங்கள் தளர்ந்ததற்கு அது ஒன்றே காரணம் என்று முடிவுகட்ட இந்தச் சேறு இடங்கொடுக்காது. மழை குறைந்ததைத்தான் அது சொல்கிறது, மக்கள் அதை எப்படி எதிர்கொண்டார்கள் என்பதை அகழாய்வுதான் சொல்ல வேண்டும்.

லோனாரின் மேலடுக்குகளை இதைவிடவும் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். பள்ளத்துக்குள் நடந்த வேளாண்மையும் ஊரிலிருந்து இறங்கிய கழிவுநீரும் அவற்றில் கலந்திருப்பதால், அங்கே காணும் மாற்றம் மழையால் வந்ததா மனிதரால் வந்ததா என்பதைத் தனித்தனியே பிரித்தறிந்த பிறகே பருவமழையைப் பற்றிப் பேச முடியும்.