ஜூலையில் மென்டோசினோ கடற்கரை: மூடுபனியில் அப்பா அம்மாவோடு போகலாமா?

ஃபோல்சம்வாசி:

நாங்கள் இருப்பது கலிபோர்னியாவில், சாக்ரமென்டோவுக்குப் பக்கத்தில் ஃபோல்சமில். கரூரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். இந்த வாரம் முழுக்க 100 டிகிரிக்கு மேல். "கரூர் வெயிலுக்குத் தப்பித்து வந்தால் இங்கே அதனுடைய அண்ணன் உட்கார்ந்திருக்கிறான்" என்று அப்பா தினமும் ஒரு முறையாவது சொல்லிவிடுகிறார். அதனால் அடுத்த வாரம் நான்கு நாள் கடலோரமாகக் காரில் போகலாம் என்று இருக்கிறோம். முதல் நாள் சான் பிரான்சிஸ்கோ, பாயின்ட் ரேயஸ். இரண்டாம் நாள் மென்டோசினோ. மூன்றாம் நாள் யுரேக்காவும், ரெட்வுட் என்ற வானுயர மரங்கள் நிற்கும் ரெட்வுட் தேசியப் பூங்காவும். நான்காம் நாள் வீடு.

ஆபீஸில் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள், ஜூலையில் அங்கே போனால் பனியைத் தவிர ஒன்றும் தெரியாதாம். உண்மையா? பனியில், கடலோரமாகவே போகும் ஒன்றாம் நெடுஞ்சாலையில் ஓட்டுவது ஆபத்தா? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, வளைவு என்றால் வாந்தியும் வரும் (ஒரு தடவை கொல்லிமலை போய் எழுபது கொண்டை ஊசியில் பாதிக்கே பஸ்ஸை நிறுத்தச் சொன்னவர்). சைவச் சாப்பாடு கிடைக்குமா என்றும் சொல்லுங்கள்.

மேல்காற்று:

உங்கள் திட்டத்தைப் பார்த்ததும் எனக்கே மூச்சு வாங்கியது. நான்கு நாளில் யுரேக்கா வரை போய்த் திரும்புவதென்றால் அப்பா அம்மாவுக்குக் காரின் முன் இருக்கை மட்டும்தான் நினைவில் நிற்கும். யுரேக்காவை வெட்டுங்கள். சான் பிரான்சிஸ்கோவையும் வேறொரு வாரக்கடைசிக்குத் தள்ளுங்கள். பொடேகா பேயிலிருந்து ஃபோர்ட் பிராக் வரைதான் இந்தப் பயணம் என்று வைத்துக்கொண்டால் அவசரமில்லாமல் போகலாம்.

பனி இருக்கும், அதில் சந்தேகமே வேண்டாம். கோடையில் வடமேற்குக் காற்று கரையோரத்து மேல்நீரைத் தள்ளிவிட, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. ஈரக்காற்று அதன் மேல் படும்போது பனியாகிறது. உங்கள் ஊர்ப் பக்கம் வெயிலில் சூடான காற்று மேலெழும்ப எழும்ப, கடல் பக்கத்துக் காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. அதாவது ஃபோல்சமில் அடுப்பு எரிந்தால்தான் மென்டோசினோவில் போர்வை விரியும். நீங்கள் 100 டிகிரியில் வேகும் அன்று அங்கே 60 டிகிரி சொச்சம்தான் இருக்கும். அப்பா கேட்டதே இதுதானே?

பெரும்பாலும் காலையில் கனமாக இருக்கும், பிற்பகலில் கொஞ்சம் விலகும், மாலை மறுபடி வந்து உட்காரும். சில நாள் விலகவே விலகாது. ஆனால் ஒரு முனை தாண்டினால் பனி, அடுத்த வளைவில் பளீரென்று கடல், அதற்கடுத்து மறுபடி ஒன்றுமில்லை என்று மாறிக்கொண்டே இருப்பதுதான் அந்தச் சாலையின் அழகே. நீலக் கடல் படம் எடுத்தே ஆகவேண்டும் என்று போகிறவர்களுக்குத்தான் ஏமாற்றம்.

ஓட்டுவதைப் பற்றி. பனியில் ஹைபீம் போடாதீர்கள், வெள்ளைச் சுவர்தான் தெரியும், லோபீம் போதும். வடக்கு நோக்கிப் போனால் உங்கள் தடம் மலைப்பக்கம், தெற்கு நோக்கி வந்தால் பள்ளத்தின் விளிம்பு. அம்மா பயப்படுவார் என்றால் வடக்கே போகும்போது மட்டும் இந்தச் சாலையை எடுத்துவிட்டு, திரும்புவதற்கு வேறு வழி பிடியுங்கள். பின்னால் ஐந்து வண்டி சேர்ந்தால் ஒதுங்குமிடத்தில் நிறுத்தி வழிவிட வேண்டும், கலிபோர்னியாவில் அது சட்டமே. நம் ஆட்கள் பலர் இதைச் செய்வதில்லை, பின்னால் வருகிறவன் எரிச்சலில் கண்டபடி முந்துவான்.

மருமகள்_சான்ரமோன்:

போன வருடம் மாமனார் மாமியாரோடு இதே வழியில் போனேன், என் அனுபவத்தைச் சொல்கிறேன். வாந்தி வருகிறவர்களுக்கு ஜென்னரிலிருந்து குவலாலா வரையுள்ள பகுதிதான் மோசம், கடலுக்கு மேலே செங்குத்தான மலையில் சாலை சுற்றிச் சுற்றிப் போகும். எங்கள் மாமியார் ஃபோர்ட் ராஸ் வருவதற்குள் இரண்டு முறை இறங்கினார். முன் சீட்டில் உட்காரவைத்து, இஞ்சி மிட்டாய் கொடுத்து, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டதும் சரியாகிவிட்டது. அதுவும் வேண்டாம் என்றால் 101-ஆம் நெடுஞ்சாலையில் க்ளோவர்டேல் வரை போய் அங்கிருந்து 128-ஆம் சாலையை எடுங்கள். முதலில் கொஞ்சம் வளைவு இருக்கும்தான், ஆனால் பக்கத்தில் செங்குத்தான கடல் பள்ளம் இல்லாததால் பயம் இல்லை. பூன்வில் தாண்டினால் நவாரோ ஆற்றோரம் ரெட்வுட் காட்டுக்குள்ளேயே போகும், வெளியே வந்தால் நேரே கடல்.

சாப்பாடு: ஃபோர்ட் பிராக்கில் பீட்சா, பர்ரிட்டோ என்று எதையாவது வைத்துச் சமாளிக்கலாம், சாம்பாரைத் தேடாதீர்கள். நான் சமையலறையோடு அறை எடுத்து, சின்ன குக்கர் ஒன்றையும் கொண்டு போனேன். முதல் நாளுக்குப் புளியோதரை, தயிர்சாதம். பிளாஸ்க்கில் சுக்குக் காபி இருக்கட்டும், அந்தக் குளிரில் அதன் அருமை தெரியும். ஸ்வெட்டர், காதை மூடும் குல்லா, எல்லோருக்கும் சாக்ஸ். "ஜூலைதானே" என்று செருப்போடு வந்த மாமனார் கடைசியில் என் மகனுடைய ஹூடியைப் போட்டுக்கொண்டு திரிந்தார்.

இன்னொன்று. பல இடங்களில் செல்போன் சிக்னல் இல்லை, மேப்பை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். பெட்ரோல் அரை டேங்குக்குக் கீழே போக விடாதீர்கள். கடலில் கால் நனைக்கிறேன் என்று பெரியவர்கள் இறங்குவார்கள், நம் மெரினா பழக்கம் அது. விடாதீர்கள். தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும், அமைதியாக இருந்துவிட்டுத் திடீரென்று ஓர் அலை கரை மேலே வெகுதூரம் ஏறிவந்து ஆளை இழுத்துவிடும்.

தெற்கத்தியான்:

எல்லோரும் பனியைக் காவியமாக்குகிறீர்கள். மென்டோசினோவில் நான் மூன்று நாள் இருந்தேன், மூன்று நாளும் சாம்பல் நிறச் சுவர்தான், அதற்கு இரவுக்கு 300 டாலர் வேறு. செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபரில் போங்கள், பனி குறைவு, கோடையைவிட இதமான வெயில் கிடைப்பதும் அப்போதுதான். இல்லை என்றால் தெற்கே பிக் சர் கடற்கரைப் பக்கம் போய்ப் பாருங்கள்.

மேல்காற்று:

@தெற்கத்தியான் செப்டம்பர் பற்றிச் சொன்னது சரி, மறுக்கவில்லை. ஆனால் அவர் அப்பா வெயிலிலிருந்து தப்பிக்கத்தானே கேட்கிறார், அக்டோபரில் ஃபோல்சமே நன்றாகத்தான் இருக்கும். பிக் சர் சாலை நிலச்சரிவால் அடிக்கடி மூடப்படும், ஜூலையில் பனியும் அங்கே இருக்கும், கூட்டம் இதைவிடப் பல மடங்கு.

கலங்கரை:

முழங்கால் வலி என்றதால் எழுதுகிறேன். பாயின்ட் ரேயஸ் கலங்கரை விளக்கம் 1870-இல் ஏற்றப்பட்டது. பெயர்பெற்ற இடம்தான், ஆனால் கீழே இறங்க 313 படி, அத்தனையும் திரும்ப ஏற வேண்டும். அம்மாவுக்கு வேண்டாம். பாயின்ட் அரீனாவில் 145 படி, அப்பா ஏறட்டும், அம்மா கீழே இருந்தே பார்க்கலாம். 1906 நிலநடுக்கத்தில் பழைய கோபுரம் சேதமாகி, 1908-இல் கட்டியது இப்போது இருப்பது.

என் சிபாரிசு பாயின்ட் கப்ரியோ கலங்கரை விளக்கம். மென்டோசினோவுக்கும் ஃபோர்ட் பிராக்குக்கும் நடுவில் இருக்கிறது, அரை மைல் நடை, படியேறும் வேலை இல்லை. 1850-இல் அதற்குப் பக்கத்தில்தான் ஃப்ராலிக் என்ற கப்பல் பாறையில் மோதியது. அதற்கு முன் பல ஆண்டுகள் பம்பாயிலிருந்து சீனாவுக்கு அபின் ஏற்றிச் சென்ற கப்பல் அது! கடைசிப் பயணத்தில் சீனப் பட்டும் பீங்கானும் ஏற்றிக்கொண்டு சான் பிரான்சிஸ்கோ வந்துகொண்டிருந்தது. சரக்கை மீட்கலாம் என்று தேடிப்போனவர்கள் கண்ணில் பட்டது ரெட்வுட் காடு. அடுத்த ஒன்றிரண்டு வருடத்தில் மர அறுவை ஆலை வந்துவிட்டது, மென்டோசினோ ஊரே அப்படி வந்ததுதான். அப்பாவுக்குக் கதை சொல்ல ஆகும்.

அந்த மரங்களும் கோடையில் மழையே இல்லாமல் தாக்குப்பிடிப்பது இந்தப் பனியால்தான், இலையில் படிகிற ஈரத்தையே குடிக்கும். பனி நாளில் காட்டுக்குள் நின்றால் மேலே மழை இல்லாமல் கீழே மட்டும் சொட்டும்.

ஃபோர்ட் பிராக்கில் பழைய மர ஆலை இருந்த இடத்தில் கடலோரமாகச் சமதள நடைபாதை போட்டிருக்கிறார்கள், முழங்கால் வலிக்காரர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. பக்கத்திலேயே கண்ணாடிக் கடற்கரை. 1967 வரை ஊர்க் குப்பை கொட்டிய இடம், உடைந்த பாட்டிலெல்லாம் அலையில் உருண்டு கூழாங்கல் மாதிரி ஆகிவிட்டது. பார்க்கலாம், பொறுக்கிக்கொண்டு வரக்கூடாது.

ஃபோல்சம்வாசி:

போய்விட்டு நேற்றிரவு வந்தோம். எல்லோருக்கும் நன்றி. யுரேக்காவை வெட்டினேன், 128 வழியாகப் போனோம், மூன்று இரவும் ஃபோர்ட் பிராக்கிலேயே தங்கினோம். அம்மா ஒரு முறைகூட வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை.

முதல் நாள் ஒன்றுமே தெரியவில்லை, தெற்கத்தியான் சொன்னதுதான் நடக்கப்போகிறது என்று பயந்தேன். இரண்டாம் நாள் பிற்பகல் பாயின்ட் கப்ரியோவில் திரையை விலக்கின மாதிரி பனி விலகியது, இருபது நிமிடம் இருக்கும், மறுபடி மூடிக்கொண்டது. அந்த இருபது நிமிடமும் அம்மா போனில் அத்தையிடம் பேசிக்கொண்டிருந்தார். அப்பா மட்டும் பார்த்தார். நான் சொன்ன அபின் கப்பல் கதையை இப்போது கரூருக்குப் போன் போட்டு, தானே பாறையில் மோதினது போலச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

திரும்பும்போது வில்லிட்ஸ் வழியாக 20-ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்தேன், அது தப்பு. வளைவோ வளைவு, அம்மாவின் சாதனை அங்கே முறிந்தது. கிளியர் லேக் பக்கம் வந்து கதவைத் திறந்தால் அனல். அப்பா ஸ்வெட்டரைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

@மருமகள்_சான்ரமோன், சமையலறையோடு நீங்கள் எடுத்த அறைக்கு எவ்வளவு நாள் முன்னால் பதிவு செய்தீர்கள்? ஆகஸ்ட்டில் இன்னொரு தடவை கேட்கிறார்கள்.