கடற்கரைப் புஞ்சை: உயர் நீதிமன்றம் வரை தீர்ந்த வழக்கை மறுபடி போட முடியுமா?

தேரிமண்:
இராதாபுரம் வட்டத்தில் கடலை ஒட்டிய ஒரு கிராமம். அங்கே எங்க தாத்தா கிரையம் வாங்கின புஞ்சையை, ‘வலை காயப்போடுற ஊர்ப்பொது இடம்’னு சொல்லி அஞ்சு பேர் தடுத்தாங்க. நிலம் தன்னுதுன்னு அறிவிக்கச் சொல்லி விளம்புகையும், அவங்க தலையிடக் கூடாதுன்னு நிரந்தர உறுத்துக்கட்டளையும் கேட்டுத் தாத்தா வழக்குப் போட்டார். முன்சீப் கோர்ட், சப் கோர்ட், ஐகோர்ட்டில் இரண்டாம் மேல்முறையீடு, மூணு இடத்திலும் தீர்ப்பு எங்க பக்கம். இப்போ அதே ஊரிலிருந்து வேறு நாலு பேர், அதே சர்வே எண்ணுக்கு, அதே ‘ஊர்ப்பொது’ வாதத்தோட புது வழக்குப் போட்டிருக்காங்க. ஒருதடவை தீர்ந்த பிரச்சினையை மறுபடி வழக்காடக் கூடாதுங்கிற முன்தீர்ப்புத் தடை, 1908-ம் வருஷத்து உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தில் பிரிவு 11, எதுக்கு இருக்கு? முடிஞ்ச வழக்குக்கு எங்க அம்மா இந்த வயசில் மறுபடி கூண்டேறணுமா?

கட்டுமரம்:
அண்ணாச்சி, உங்க தாத்தா ஜெயிச்சது அந்த அஞ்சு பேரை. ஊரை இல்ல. நான் அந்தக் கரையில வளந்தவன். இப்படி ஒரு வழக்கு நடக்குன்னு ஊர்ல பாதிப் பேருக்குத் தெரியாது. தண்டோரா போட்டாங்களா? பேப்பர்ல விளம்பரம் குடுத்தாங்களா? கோர்ட்டுப் பக்கமே வராதவன் உரிமையை, யாரோ அஞ்சு பேர் தோத்ததாலே எப்படிப் பறிக்க முடியும்?

தேரிமண்:
தம்பி, பிரிவு 11-ல் விளக்கம் 6 படிங்க. பொது உரிமைக்காகவோ, பலருக்கும் சேர்ந்த உரிமைக்காகவோ நேர்மையா வழக்காடினால், அதில் பங்குள்ள எல்லாரும் அவங்க வழியா வழக்காடினதாகவே அர்த்தம். அஞ்சு பேரும் எதிர்வழக்குரையில் (பிரதிவாதி தர்ற பதிலில்) ‘ஊருக்காக’ன்னுதான் எழுதியிருக்காங்க. சொந்தத்துக்குன்னு ஒரு சென்ட் கூடக் கேட்கல. அடுத்தது விளக்கம் 4: அந்த வழக்கிலேயே எடுத்திருக்க வேண்டிய வாதத்தை அப்போ விட்டுட்டு இப்போ எடுத்தாலும் தடைதான். ‘தலைமுறை தலைமுறையா வழக்காறு’ங்கிற வாதம் அன்னைக்கே இருந்ததுதானே?

வள்ளியூர்வக்கீல்:
இரண்டு பேரும் பாதிப் பாதி சரி. விளக்கம் 6-ஐத் தனியா எடுத்துப் படிக்கக் கூடாது. கூடவே அதே சட்டத்தில் ஆர்டர் 1 ரூல் 8 இருக்கு. சிலரை மட்டும் பிரதிவாதியாக்கி ஊர் முழுசையும் கட்டுப்படுத்தணும்னா, ஊரின் பிரதிநிதிகளா அவங்க மேல் வழக்குப் போட நீதிமன்ற அனுமதி வேணும். வாதி செலவில் ஊருக்கு அறிவிப்பும் போகணும். அந்த விதி பொருந்துற இடத்தில் அதைப் பின்பற்றாம வாங்கின தீர்ப்பு, கட்சிக்காரரா இல்லாதவங்களைக் கட்டாதுன்னு 1933-ல் குமாரவேலு செட்டியார் வழக்கில், அப்போ மேல் நீதிமன்றமா இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் சொல்லியாச்சு. ஆக, பிரதிவாதிகள் ‘ஊருக்காக’ன்னு எழுதினது மட்டும் போதாது. அனுமதி மனு போட்டிருக்க வேண்டியவர் உங்க தாத்தா. போட்டாரா? அதைப் பழைய வழக்குக் கட்டில்தான் பார்க்கணும்.

இன்னொன்று, எழுவினா, அதாவது நீதிமன்றம் முடிவு சொல்ல எடுத்துக்கிற கேள்வி. நேரடியாகவும் முக்கியமாகவும் பிரச்சினையா இருந்து, முடிவு சொல்லப்பட்டதுக்குத்தான் தடை. வெறும் உறுத்துக்கட்டளை வழக்கா இருந்தால், உரிமைமூலம் (நிலம் யாருக்குச் சொந்தம்ங்கிறது) பற்றிப் போகிற போக்கில் சொன்னது தடையாகாது. உங்க வழக்கில் விளம்புகை கேட்டிருக்கீங்க, அதனால் அந்த அஞ்சு பேருக்கும் அவங்க வாரிசுகளுக்கும் கதவு சாத்தியாச்சு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கவலை அரசு விஷயத்தில்தான். நிலம் அரசுப் புறம்போக்குன்னு எதிர்த்தரப்பு சொல்லும்போது, பழைய வழக்கில் அரசைச் சேர்த்தீங்களா? சேர்க்கலைன்னா அந்த டிகிரி (தீர்ப்பாணை) அரசைக் கட்டாது. பட்டா கையில் இருக்குன்னு இருந்துடாதீங்க; பட்டா மட்டுமே உரிமைமூலம் ஆகாது.

கட்டுமரம்:
எல்லையையும் கேளுங்க சார். டிகிரி சொத்து விவரத்தில ‘தெற்கே சமுத்திரம்’னு இருக்கும். சமுத்திரம் நின்ன இடத்திலயா இருக்கு? அரிச்சு அரிச்சு உள்ள வந்துட்டு. எங்கப்பா வலை காயவச்ச மணல் இன்னைக்குத் தண்ணிக்குள்ள. மிச்சம் இருக்கது அண்ணாச்சி வேலி போட்ட இடம் மட்டுந்தான். மீனு எங்க காயும், வள்ளம் எங்க ஏறும்? எங்களுக்கு வேற கரை கிடையாது.

தேரிமண்:
உங்க கஷ்டம் எனக்குத் தெரியாம இல்ல, தம்பி. ஆனா கடல் நகர்ந்தா சர்வே எண் நகராது. புலப்படத்தில் (சர்வே வரைபடத்தில்) அளவு இருக்கு, அளந்துக்கலாம். ஊருக்குக் கரை வேணும்னா அரசுகிட்ட நிலம் கேளுங்க, நானும் கூட வந்து மனு குடுக்கேன். தீர்ந்த வழக்கை ஆளை மாத்திப் போடுறதை மட்டும் ஒத்துக்க முடியாது. நாளைக்கு இந்த நாலு பேரும் தோத்தா இன்னும் நாலு பேர் வருவாங்க. முன்தீர்ப்புத் தடை கண்டிப்பாப் பொருந்தாத இடத்தில்கூட, தீர்ந்த பிரச்சினையையே திரும்பக் கிளப்புறது நீதிமன்ற நடைமுறையைத் தவறாப் பயன்படுத்துறதா ஆகலாம்னு 1998-ல் கே.கே. மோடி வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. ஆர்டர் 7 ரூல் 11-ல் பிராதையே (வாதியின் வழக்குரையையே) நிராகரிக்கச் சொல்லி மனு போடப் போறேன்.

வள்ளியூர்வக்கீல்:
அந்த மனு நிற்கிறது கஷ்டம். ரூல் 11-ல் பிராதை மட்டும்தான் பார்ப்பாங்க. முன்தீர்ப்புத் தடைக்கோ பழைய பிராது, எதிர்வழக்குரை, எழுவினா, தீர்ப்பு எல்லாம் வேணும். அதனால் பொதுவா அந்தக் கட்டத்தில் அதை முடிவு பண்ண முடியாதுன்னு 2021-ல் ஸ்ரீஹரி ஹனுமன்தாஸ் தோட்டலா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. எதிர்வழக்குரையில் தடையை வெளிப்படையா எழுப்புங்க. பழைய வழக்கின் சான்றிட்ட நகல்களைத் தாக்கல் பண்ணி, அதையே முதல் எழுவினாவா எடுக்கச் சொல்லிக் கேளுங்க.

கட்டுமரம்:
நாங்களும் பழைய கட்டுக்கு நகல் மனு போட்டிருக்கோம். ரூல் 8 அனுமதி அதுல இருந்தா ஊர்க்கூட்டத்துல நானே வாசிச்சுக் காட்டுதேன். இல்லன்னா வழக்கு நடக்கும், அண்ணாச்சி.

தேரிமண்:
நடக்கட்டும். அனுமதி இல்லைன்னாலும், பழைய அஞ்சு பேரில் ஒருத்தர் மகன் இந்தப் புது வழக்கில் இரண்டாம் வாதி. அவரையாவது முதல்ல வெளியே அனுப்பச் சொல்லுவேன்.