சர்வரிலும் பிரௌசரிலும் ஒரே ஃபங்ஷன். பிரௌசரில் மட்டும் எரர் ஏன்?

கேள்வி:
வணக்கம். நோட் ஜேஎஸ்ஸில் (சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் மென்பொருள்) பில் போடும் ஆப் எழுதுகிறேன். மொத்தத் தொகைக் கணக்கை முதலில் இரண்டு பக்கமும் தனித்தனியாக எழுதியிருந்தேன். ரவுண்டிங் இடித்து, திரையில் 1,249 ரூபாய், பில்லில் 1,250. வாடிக்கையாளர் போன் போட்டுக் கேட்டபோது ரொம்பச் சங்கடமாகிவிட்டது. இப்போது ஒரே ஃபைலை இரண்டு பக்கமும் இம்போர்ட் செய்கிறேன், தொகை சரி. ஆனால் சர்வரிலிருந்து ஃபெட்ச் வழியாக வந்த பில்லைக் கொடுத்தால், தேதியிலிருந்து மாதத்தை எடுக்கும் 'கெட்மன்த்' ஃபங்ஷனே இல்லை என்று பிரௌசரில் எரர். சர்வரில் அதே கோட் ஓடுகிறதே?

பதில் 1:
கோட்தான் பொது, டேட்டா நடுவில் ஜேசனாக (டேட்டாவை எழுத்தாக்கி அனுப்பும் வடிவம்) மாறித்தான் வருகிறது. ஜேசனில் டேட் என்ற வகையே கிடையாது. தேதி ஸ்ட்ரிங்காக, அதாவது வெறும் எழுத்துத் தொடராகப் போகும், ஸ்ட்ரிங்காகவே வந்து சேரும். வாங்கியதும் மறுபடி டேட்டாக மாற்றுங்கள். மேப் (பெயர்-மதிப்பு ஜோடிகளின் தொகுப்பு) இருந்தால் அதையும் பாருங்கள், வெறும் {} தான் வரும், உள்ளே ஒன்றும் இருக்காது. பிக்இன்ட் (மிகப் பெரிய முழு எண்களுக்கான வகை) என்றால் அனுப்பும்போதே எரர்.

பதில் 2:
மாற்றினாலும் கவனம். அந்த ஸ்ட்ரிங்கில் இருப்பது யூடிசி நேரம், அதாவது உலகப் பொது நேரம். இந்திய நேரப்படி மார்ச் 6 நள்ளிரவு, அதில் மார்ச் 5, 18:30. முதல் பத்து எழுத்தை வெட்டிக் காட்டினால் ஒரு நாள் பின்னால் போய்விடும், நான் பட்டிருக்கிறேன். பில் தேதிக்கு நேரம் எதற்கு? '2024-03-06' என்று ஸ்ட்ரிங்காகவே வையுங்கள். இன்னொன்று: டேட்டாபேஸ் பாஸ்வேர்டு அந்தப் பொது ஃபைல் பக்கமே வரக்கூடாது. பிரௌசருக்குப் போவதை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். பிரௌசர் அனுப்பும் மொத்தத்தையும் நம்பாமல் சர்வரில் மறுபடி கணக்கிடுங்கள்.

கேட்டவர்:
தேதியை ஸ்ட்ரிங்காகவே வைத்து, 'கெட்மன்த்' அழைப்பை எடுத்துவிட்டேன், எரர் போய்விட்டது. இருவருக்கும் மிக்க நன்றி.