செயினைப் பழித்தேன், குற்றம் கம்பிக் கணக்கில் இருந்தது

உச்சிப்புளியிலிருந்து:

புதுமடம் பக்கம் எங்கள் தென்னந்தோப்புக்குள் போகும் மணல் பாதையில் நடந்தது இது. அப்பாவின் பழைய 28 அங்குலச் சைக்கிளில் இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின் பொருத்தி நான்காம் நாள். இன்ஜின் செயின் கழன்று பின்சக்கரத்துக்குள் புகுந்தது; சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. விழுந்ததில் முழங்கை உரிந்தது, சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பிகள் இரண்டு அறுந்தன. தார்ச் சாலையாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

செயின் நீண்டுவிட்டது என்று எண்ணி ஒரு கண்ணியை எடுத்தேன். மறுநாளும் கழன்றது. செயினை அழுத்திப் பிடிக்கும் உருளையை இறுக்கினேன். அது தான் பொருத்தப்பட்ட சைக்கிள் குழாயைச் சுற்றித் திரும்பிக் கம்பிகளை உரசத் தொடங்கியது. அந்த உருளையை வைத்து எதையும் சரிசெய்துவிடலாம் என்று நம்பாதீர்கள். அது தளர்வைக் குறைக்கும், அவ்வளவுதான், கோணலை நேராக்காது.

பிறகுதான் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, செயினைக் கழற்றிவிட்டு, பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தேன். பின்ஃபோர்க்கில் ஓர் ஈர்க்குச்சியைக் கட்டி, அதன் நுனியை, இன்ஜின் செயின் ஓடும் பின் பல்சக்கரத்தின் பக்கவாட்டில் பட்டும் படாமலும் வைத்தேன். ஒரு சுற்றுக்குள் ஓரிடத்தில் குச்சியை இடித்தது, எதிர்ப்புறத்தில் நான்கு மில்லிமீட்டர் விலகியது. குச்சியைப் பல் நுனிக்கு நேராக மாற்றி வைத்தேன். அங்கும் ஏறி இறங்கியது. பக்கவாட்டில் ஆடுவது ஒரு கோளாறு, மையம் விலகியிருப்பது வேறு கோளாறு. செயின் ஒரு சுற்றில் ஓரிடத்தில் விறைத்து, இன்னோரிடத்தில் தொய்கிறது என்றால் மையம்தான் விலகியிருக்கிறது.

பல்சக்கரத்தின் போல்ட்டுகளை மூன்று முறை தளர்த்தி இறுக்கியும் சரியாகவில்லை. அதன் பிறகே கம்பிகளை எண்ணினேன். நம் பழைய சைக்கிள்களில் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40. ரப்பர் வளையம் வைத்துக் கம்பிகளோடு சேர்த்து இறுக்கும் அந்த 44 பல் சக்கரத்தில் இருப்பதோ 9 துளைகள். அவை 36 கம்பிச் சக்கரத்துக்கானவை. 36 என்றால் இடப்பக்கம் 18 கம்பி, இரண்டு கம்பிக்கு ஒரு போல்ட் என்று கணக்காக அமரும். 40 என்றால் 20 கம்பி. ஒன்பது போல்ட் எப்படிச் சீராக விழும்? சில போல்ட்டுகள் கம்பியையே நெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தன.

36 துளை ரிம்மும் ஹப்பும் (சக்கரத்தின் நடுக்குடம்) வாங்கி, ராமநாதபுரத்தில் ஒரு முதிய மெக்கானிக்கிடம் கம்பி கோத்து, முதலில் வீல் கோட்டம் எடுத்தோம், அதாவது சக்கரம் ஆடாமல் சுற்றும்படி கம்பிகளைச் சரிசெய்தோம். அதற்குப் பிறகே பல்சக்கரம். ஒன்பது போல்ட் என்பதால் நேர் எதிர் போல்ட் என்று ஒன்று கிடையாது. அவர் 1, 5, 9, 4, 8, 3, 7, 2, 6 என்ற வரிசையில், ஒவ்வொன்றையும் கால் சுற்றாகத்தான் இறுக்கினார். இப்போது ஈர்க்குச்சியில் அரை மில்லிமீட்டர்கூட ஆட்டமில்லை. செயினின் நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்குகிறது. பின்னால் குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தால் இன்ஜின் பல்லும் பின்பல்லும் ஒரே கோட்டில் நிற்கின்றன. அந்தப் பெரியவரின் கைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

கீழக்கரையிலிருந்து:

எங்கள் காக்காவின் (அண்ணனின்) சைக்கிளில் எல்லாம் நேராகத்தான் இருந்தது. ஆறே மாதத்தில் உப்புக்காற்று வேலையைக் காட்டிவிட்டது. கம்பி நுனியை ரிம்மில் பிடிக்கும் நிப்பிள்கள் கம்பியோடு துருப்பிடித்து இறுகிப்போயின. கோட்டம் எடுக்கப் போனால் கம்பி முறிகிறது. நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, நிப்பிள் மரையில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். ரப்பர் வளையத்தில் மட்டும் எண்ணெய் படவிடாதீர்கள், ஊறிப்போகும். புதிதாகப் பொருத்தினால் ரப்பர் அமுங்கும். முதல் ஓட்டம் முடிந்ததும் மறுபடி இறுக்க வேண்டும்.

தொண்டியிலிருந்து:

நான் கம்பிகளைத் தொடாமல், ஹப்பையே கவ்விப் பிடிக்கும் இணைப்பை வாங்கிப் பல்சக்கரத்தை அதில் பூட்டினேன். கம்பிக் கணக்கு என்ற தொல்லையே இல்லை. வாங்கும் முன் ஹப்பின் குறுக்களவை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: 25 சி.சி.யைத் தாண்டிய இன்ஜின் என்றால் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி அது மோட்டார் வாகனம். உச்சிப்புளி அண்ணன் தோப்புக்குள் மட்டும்தானே ஓட்டுகிறார்?

உச்சிப்புளியிலிருந்து:

ஆமாம் தம்பி, தோப்புக்குள் மட்டும்தான். நிப்பிள்களுக்கு இன்று மாலையே எண்ணெய் விடுகிறேன்.